சமநேரப் புள்ளி

“எவ்வளவு தூரம் பாப்பா?”

“ஏழாயிரத்து நூத்தி எண்பது.”

“கிலோமீட்டரா?”

“கடல் மைல்ம்மா. கிலோமீட்டர்ல பதிமூணாயிரத்து முந்நூறு வரும்.”

“அடேயப்பா! நேரம்?”

“போறதுக்குப் பதினாலு மணி அம்பது நிமிஷம். அங்கேருந்து இங்க வர்றதுக்குப் பதிமூணு மணி பத்து நிமிஷம்.”

“அதெப்படி? ஒரே வழிதானே? போகும்போது நீளுமா, வரும்போது சுருங்குமா?”

“வழி நீளாதும்மா. போகும்போது மேல்காத்து எதிர்ல அடிக்கும். வரும்போது முதுகைப் பிடிச்சுத் தள்ளும்.”

“அப்போ நான் போறது காத்துக்குப் பிடிக்கலன்னு சொல்லு.” மடித்த போர்வையை மார்போடு அணைத்தபடி அம்மா ஒரு கணம் நின்றாள். “காத்துக்கு மட்டும்தானா?”

“ஸ்வெட்டர் ரெண்டு எடுத்துக்கோம்மா. அங்க குளிர் எலும்பு வரைக்கும் போகும்.”

மூன்று வாரத்துக்கு முன் நடந்த பேச்சு அது. ஸ்வெட்டர் என்று சொல்லி வாயை மூடுவதற்குள்ளேயே மகளுக்குத் தெரிந்துவிட்டது, அம்மா கேட்டது குளிரைப் பற்றி இல்லை என்று. தெரிந்து என்ன பயன்? அம்மா தலையை ஆட்டிவிட்டு, போர்வையைப் பெட்டிக்குள் வைத்து, ஸ்வெட்டர் தேடப் போய்விட்டாள்.

அவள் தொழிலே அப்படி ஆகிவிட்டது. யார் தூரம் கேட்டாலும் மைலில் சொல்வாள். யார் நேரம் கேட்டாலும் நிமிடத்தில் சொல்வாள். ஒரு விமான நிறுவனத்தின் பயணத் திட்ட அறையில் பதினேழு வருடமாக இதுதான் வேலை. விமானி மேலே ஓட்டுகிறார் என்றால், எந்தப் பாதையில், எந்த உயரத்தில், எத்தனை டன் எரிபொருளோடு போக வேண்டும் என்று கீழே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கையெழுத்திடுகிறவள் அவள். சக்கரம் தரையைத் தொடும்வரை பொறுப்பில் பாதி அவளுடையது. நாளெல்லாம் வானத்தைப் பற்றியே பேசும் அந்த அறையில், வானம் தெரிய ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. ஆறு மேஜை, மேஜைக்கு மூன்று திரை, சுவரில் வரிசையாகக் கடிகாரங்கள், எப்போதும் ஒரே குளிர். அவ்வளவுதான்.

அம்மா தம்பி வீட்டுக்குப் போகிறாள். பார்த்துவிட்டு வருவதற்கு இல்லை, அங்கேயே இருக்க. ஒருவழி டிக்கெட். தம்பி இரண்டு வருடம் அலைந்து அதற்கான காகிதமெல்லாம் வாங்கிவிட்டான். அவன் மனைவி மருத்துவமனையில் மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கிறவள். வீட்டில் இரண்டு சின்னஞ்சிறுசுகள். ஒரு நாள் தொலைபேசியில் வெட்கத்தை விட்டு அழுதேவிட்டான். “இனிமே எனக்கும் அம்மா வேணும்மா.” அதில் தப்பு சொல்ல யாரால் முடியும்?

அன்று அம்மா போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். “நீ என்ன சொல்ற?”

“உன் இஷ்டம்மா.”

அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் அவள் ஒளித்து வைத்ததெல்லாம் வேறு. ஒன்பது வருடத்துக்கு முன் புருஷன் வீட்டை விட்டு இரண்டு பையோடு அவள் வந்து நின்றபோது, கதவைத் திறந்த அம்மா ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. “சாப்பிட்டியா?” என்றாள். தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் இருந்த இருப்பை நினைத்தால் அவளுக்கே கூச்சமாக இருக்கும். ஒரு பெண் தன் தாயிடம் வாங்கக்கூடியதையெல்லாம் ஒரே மொத்தமாக வாங்கித் தீர்த்துவிட்டோம், இனி எதைக் கேட்டாலும் அது பேராசை என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இரு என்று சொன்னால் அம்மா இருந்துவிடுவாள். அதுதான் சிக்கலே. அதனால் சொல்லக் கூடாது.

இப்படித்தான் ஐந்து மாதம் ஓடியது. தொண்டை வரை வரும், விழுங்கிவிடுவாள்.

புறப்படும் நாள் விடியுமுன்னே அம்மாவை விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்காரரிடம் ஒப்படைத்தாள். அவளுக்கு ஐந்து மணி ஷிஃப்ட்.

“நான் நடப்பேன். இது எதுக்கு? ஊர்ல இருக்கிறவங்கெல்லாம் என்னைக் கிழவின்னு நினைக்கவா?” என்றாள் அம்மா.

“அறுபத்தொன்பது வயசுக்குக் குமரின்னு நினைப்பாங்களா? உட்காரும்மா. முட்டி வலின்னு ராத்திரி முனகினது யாரு?”

“வாய் மட்டும் நல்லா பேசு.” அம்மா உட்கார்ந்தாள். அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். நாற்காலி நகர்ந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அங்கே நிற்கவில்லை. அடுத்த கட்டடத்துக்கு வேகமாக நடந்து போய், தன் மேஜையில் உட்கார்ந்து, அன்றைய பட்டியலில் தனக்கென்று எடுத்துக்கொண்ட முதல் விமானத்தைத் திறந்தாள். காலை ஏழு நாற்பதுக்குப் புறப்படும் விமானம். அம்மா ஏறப்போகும் விமானம்.

அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. விதிப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் எல்லோரும் காப்பாற்றுகிற பழக்கம். ஒருவர் பார்க்கும் விமானத்தில் அவர் வீட்டு மனிதர் யாராவது இருந்தால், திரையின் மேல் விளிம்பில் ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு ஒட்டுவார்கள். உடனே பக்கத்து மேஜைக்காரர் எதுவும் கேட்காமல் அந்த விமானத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். சொந்த ரத்தம் விமானத்துக்குள் இருக்கும்போது கணக்கு நேராக வராது என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

அவள் சீட்டு ஒட்டவில்லை.

அம்மா போகிற பாதையைத் தன் கையாலேயே போட வேண்டும் என்று ஓர் ஆசை. அது ஒரு காரணம். சீட்டைப் பார்த்தால் நாலு பேர் வந்து நிற்பார்கள், “அம்மாவா? ஊருக்கா? எப்போ வர்றாங்க?” என்பார்கள், அந்தக் கடைசிக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. இது இரண்டாவது காரணம். உண்மையைச் சொன்னால் இதுதான் பெரிய காரணம்.

எதிர்க்காற்று குறைவாக இருக்கும் அடுக்கைத் தேடிப் பாதையைச் செதுக்கினாள். குலுக்கல் இருக்கும் என்று தெரிந்த ஓர் இடத்தை ஒதுக்கிச் சுற்றினாள், அதில் நான்கு நிமிடம் கூடியது, பரவாயில்லை. கடைசியாக, கடல் கடக்கும் எல்லா விமானத்துக்கும் குறிப்பதுபோலச் சமநேரப் புள்ளியைக் குறித்தாள். பாதி தூரம்தான் அது என்று பலர் நினைப்பார்கள். இல்லை. அந்த இடத்திலிருந்து முன்னே போனாலும் பின்னே திரும்பினாலும் ஒரே நேரம் ஆகும், அதற்குத்தான் அந்தப் பெயர். எதிர்க்காற்று உள்ள நாளில் அது பாதி தூரத்தைத் தாண்டித்தான் விழும். அன்று அது விழுந்தது, புறப்பட்ட ஏழு மணி ஐம்பத்தொரு நிமிடத்தில். அதாவது பிற்பகல் மூன்று முப்பத்தொன்று.

பதினேழு வருடத்தில் ஆயிரக்கணக்கில் குறித்த புள்ளி. அன்றுதான் அதை வேறு கண்ணால் பார்த்தாள். மூன்று முப்பத்தொன்று வரை அம்மா தனக்குக் கிட்டே. அதற்கப்புறம் தம்பிக்குக் கிட்டே.

கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

மதியம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. திரையில் அம்மாவின் விமானம் ஒரு சின்ன முக்கோணமாகக் கடல் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றே முக்காலுக்கு ஷிஃப்ட் தலைவர் எழுந்து வந்தார். அறையில் அவருக்குப் பெயர் ‘குடை’. முன்பு வானிலைப் பிரிவில் இருந்தவர். ‘இன்று மழை இல்லை’ என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும்போது மறக்காமல் குடையை எடுத்துக்கொண்டு போவார். அதனால் வந்த பெயர்.

“உன் ஏழு நாற்பது எங்க இருக்கு?” என்றார்.

“நடுக்கடல் சார். ஏன்?”

“நாளைக்கு வர வேண்டிய விருந்தாளி இன்னிக்கே பெட்டி படுக்கையோட வந்துட்டான். உறைமழை. இறங்குற இடத்துல ரெண்டு ஓடுபாதையும் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சாம். நாளைக்கு மதியம் வரை மூடிட்டாங்க.”

அவர் சொல்லி முடிக்கும் முன்பே செய்தி அவள் திரைக்கும் வந்துவிட்டது. அதை அவள் முழுதாகப் படிக்கவில்லை. இரண்டாவது வரியில் கண் இருக்கும்போதே விரல்கள் விசைப்பலகையில் நான்கு எழுத்தைத் தட்டியிருந்தன. எந்த விமான நிலையத்துக்கு மாற்றலாம் என்று கேட்கும் கட்டத்தில், தங்கள் ஊர் நிலையத்தின் நான்கு எழுத்துக் குறியீடு.

அவள் அதைப் பார்த்தாள். யாரோ தட்டியதுபோல இருந்தது.

முறை அதுவல்ல. முதலில் பார்க்க வேண்டியது, இறங்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நிலையங்கள். இடம் இருக்கிறதா, ஓடுபாதை நீளம் போதுமா, வானிலை தாங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒன்றும் சரிப்படாவிட்டால் கடைசியாகத்தான் திரும்பி வருவதைப் பற்றி யோசிக்க வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அங்கே யாரோ காத்திருக்கிறார்கள். அவள் விரலோ முதலில் வீட்டுக்குத்தான் ஓடியது.

எழுத்தை அழித்தாள். எழுந்து நின்றாள்.

“சார், இதை நான் பார்க்கக் கூடாது.”

“ஏன்? உடம்பு சரியில்லையா?”

“எங்கம்மா அதுல இருக்காங்க.”

குடை அவள் திரையின் மேல் விளிம்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “சீட்டு எங்கே?”

“ஒட்டல.”

“மறந்துட்டியா?”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் விட்டிருப்பார். “இல்ல சார். வேணும்னுதான் ஒட்டல.”

அவர் முகம் இறுகியது. பதினேழு வருடத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை, அப்போதும் உயர்த்தவில்லை. தாழ்த்தினார். அது இன்னும் மோசமாக இருந்தது. “காலையில சொல்லியிருக்கணும். புதுசா சேர்ந்தவங்களுக்கு நீதான் இதைச் சொல்லிக்கொடுக்கிற ஆளு. எந்திரி. தள்ளி நில்லு. நீ போட்டுப் பார்த்தது எதையும் எங்கிட்ட சொல்லாத.”

அவள் சுவரோரம் போய் நின்றாள். அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினார். பக்கத்து நிலையங்கள் மூன்று. ஒன்று நிரம்பிவிட்டது. இன்னொன்றிலும் உறைமழை. மூன்றாவது, நிறுத்த இடமில்லை என்று ஒரே வரியில் பதில் போட்டது. நான்காவதாக வழியிலேயே ஒரு சின்னக் கடலோர நிலையம், விமானம் இருந்த இடத்திலிருந்து மூன்று மணி பத்து நிமிடப் பயணம். அவர்கள் இறங்கச் சொன்னார்கள். ஆனால் ஊரில் உள்ள விடுதி அறை எண்பது. பயணிகள் வெளியே போக அனுமதி கிடைக்காது. விமானிகளின் வேலை நேரம் அங்கேயே முடிந்துவிடும், மாற்று ஆட்கள் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும். அதுவரை முந்நூறு பேரும் ஒரு கூடத்து நாற்காலிகளில் கிடக்க வேண்டும். குடை அதை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடிகாரத்தில் பதினோரு நிமிடம் போனது. அவ்வளவு நீளமான பதினோரு நிமிடத்தை அவள் பார்த்ததில்லை.

“கேப்டனைப் பிடிங்க,” என்றார் கடைசியில்.

செயற்கைக்கோள் இணைப்பில் விமானியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. “சொல்லுங்க, என்ன முடிவு?”

“திரும்பிடலாம்னு நினைக்கிறேன். பின்காத்து இருக்கு. அஞ்சு மணி நாற்பத்தாறு நிமிஷத்துல வீடு. எரிபொருள் தாராளம். நீங்க என்ன சொல்றீங்க?”

கொஞ்சம் இரைச்சல். “நானும் அதையேதான் போட்டு வச்சிருக்கேன். திருப்புறோம்.”

மணி இரண்டு பத்து. திரையில் முக்கோணம் கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பதுபோல இருந்தது. பிறகு மெல்ல, சோம்பல் முறிப்பதுபோல, மூக்கைத் திருப்பிக்கொண்டது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் வந்தது. அது வந்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை.

குடை எழுந்து வந்தார். “உன் கணக்கும் இதேதானா?”

“நான் கணக்கே போடல சார். கைதான் போட்டுச்சு.”

அவருக்கு அது முழுதாகப் புரிந்ததா தெரியவில்லை. “முடிவு என்னோடது, கேப்டனோடது. நீ இதைத் தூக்கிட்டு அலையாத. சீட்டு ஒட்டாததை மட்டும் எழுதிக் கொடு. அது உன்னோடது.” இரண்டடி நடந்தவர் திரும்பினார். “அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போ. பாவம், பன்னிரண்டு மணி நேரம் சுத்திட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வர்றாங்க.”

இரவு எட்டரை மணிக்கு வருகைக் கூடத்தில் ஒரே கூச்சல். கோபத்தோடு வந்தவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் கைப்பையிடம் சண்டை போட்டவர்கள். கல்யாண உடை போலப் பளபளப்பாக உடுத்தியிருந்த ஒரு பெண் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி இவள் கடந்து போனாள்.

எல்லோருக்கும் கடைசியில் சக்கர நாற்காலியில் அம்மா வந்தாள், இரண்டு ஸ்வெட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“ஏண்டி, இதுக்குப் பேரு பயணமா? காலையில ஏறி சாயங்காலம் இறங்கினா நம்ம ஊரு வாட்ச்மேன் வணக்கம் வைக்கிறான்.”

“கால் வலிக்குதாம்மா?”

“வலிக்காம? பக்கத்து சீட்டுக்காரர் வேற, விமானம் திரும்பினதுலேருந்து எங்கிட்டதான் கத்தினாரு. நான் என்னமோ ஸ்டியரிங் பிடிச்ச மாதிரி.”

காரில் ஏறியதும் தம்பி கூப்பிட்டான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, உண்மையைச் சொல்லு. ரிமோட் வச்சு அம்மாவைத் திருப்பிட்டியா?” என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“போடா,” என்றாள் அம்மா. “அவ என்ன பண்ணுவா? உங்க ஊர்ல ஐஸ் கொட்டினதுக்கு.”

“இல்லம்மா, சும்மா சொன்னேன். இங்க வாசப்படி தெரியல. திருப்பினதே நல்லது. பிள்ளைங்கதான் உம்முன்னு இருக்குங்க. காகிதத்துல கலர் கலரா உன் பேரெழுதி கதவுல ஒட்டி வச்சிருக்குங்க. நாளைக்கு மறுநாள் மறுபடி ஏத்துறாங்களாம். மெசேஜ் வரும், ‘சரி’ன்னு போட்டுடு. உன் ரூம்ல ஹீட்டர்லாம் வச்சாச்சு.”

“சரிடா. சாப்பிட்டியா? வச்சுடுறேன்.”

போன் அணைந்தது. சிவப்பு விளக்கு ஒன்றில் கார் நின்றது. அம்மா கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெறும்வரை தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள் அவள்.

“எங்க எக்ஸ்சேஞ்சுல அந்தக் காலத்துல தூரத்து ஊருக்குப் பேசினா மூணே நிமிஷம்தான்,” என்றாள் திடீரென்று. “ரெண்டரை நிமிஷம் நல்லா இருக்கியா, மழை பெய்யுதான்னே கேட்டுட்டிருப்பாங்க. முடியப் போகுதுன்னு நான் குரல் கொடுத்தப்புறம்தான் அரக்கப்பரக்க விஷயத்துக்கு வருவாங்க. பாதியில லைன் போயிடும். எத்தனை பேரு விஷயம் அப்படிக் காத்துல போச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.”

விளக்கு பச்சையானது.

“முன்சீட்டு ஸ்கிரீன்ல ஒரு குட்டி விமானம் போயிட்டே இருந்துச்சு பாப்பா. அதையேதான் பார்த்துட்டு வந்தேன். திடீர்னு அது மூக்கைத் திருப்பிக்கிச்சு. எல்லாரும் உச்சுக் கொட்டினாங்க. நான் மட்டும்…”

“நீ மட்டும்?”

“பசிச்சுது. ஒரு பிஸ்கட் தின்னேன்,” என்றாள் அம்மா.

வீட்டில் அம்மாவின் கட்டில் வெறும் மெத்தையோடு கிடந்தது. அலமாரி காலி. அவள் விரிப்பு ஒன்றை எடுத்துப் போட்டாள். அம்மா படுத்த மறுநொடி தூங்கிப்போனாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு வெயில் சமையலறை மேஜை வரை வந்திருந்தது. அம்மா ஒரு வாளி வெந்நீரில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். மேஜையில் இருந்த அம்மாவின் போன் சிணுங்கியது.

“பாரு, யாரு?”

விமான நிறுவனத்தின் செய்தி. நாளை காலை ஏழு நாற்பது. பயணத்தை உறுதி செய்யவும் அல்லது ரத்து செய்யவும். பகல் பன்னிரண்டுக்குள் பதில் தேவை.

அவள் படித்துக் காட்டினாள்.

“நீயே பதில் போட்டுடு. எனக்குக் கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல,” என்றாள் அம்மா.

கண்ணாடி அம்மாவின் நெற்றிக்கு மேல் தலையில்தான் இருந்தது. இருவருக்கும் அது தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது.

திரையில் இரண்டு கட்டங்கள். உறுதி. ரத்து. தொட்டால் போதும். விரல் அந்தரத்தில் நின்றது. நேற்று தானாக ஓடிய அதே விரல், இன்று அசைய மாட்டேன் என்றது.

“அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லு.”

“நேத்து மூடிட்டாங்கன்னு செய்தி வந்ததும், நான் முழுசாப் படிக்கல. வேற இடம் எதையும் பார்க்கல. நம்ம ஊரைத்தான் முதல்ல அடிச்சேன். யோசிக்கவே இல்ல.”

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். “அப்புறம்?”

“அப்புறம் பயந்துபோய் எந்திரிச்சுட்டேன். குடை சார்தான் உட்கார்ந்து முதல்லேருந்து பார்த்தாரு. அவருக்கும் அதே பதில்தான் வந்துச்சு. கேப்டனுக்கும் அதேதான்.”

“அப்போ கணக்குல தப்பில்ல.”

“தப்பில்ல.”

“முந்நூறு பேரை வச்சு நீ விளையாட மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? பிறகு எதுக்கு ராத்திரியெல்லாம் புரண்ட? கட்டில் சத்தம் எனக்குக் கேக்காதா?”

“கணக்கு வந்தது அப்புறம்தாம்மா. அதுக்கு முன்னாடியே எனக்கு…” அவள் நிறுத்தினாள். “அங்க ஒரு பொண்ணு அழுதுட்டு நின்னா. ஏதோ விசேஷத்துக்குப் போக வேண்டியவ போலிருக்கு. அவளைப் பார்க்கவே முடியல என்னால. அவ அழற விஷயத்துக்கு நான் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன்.”

“உறைமழையை நீயா கொட்டின?”

“இல்ல. ஆனா கொட்டினது எனக்கு வேணும்னு இருந்துச்சு.”

“என்ன வேணும்னு இருந்துச்சு?”

அவள் போனைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. “சின்னவன் பாவம்மா. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு…”

“சின்னவனைப் பத்தி நான் கேக்கல. அவன் கேட்டுட்டான். போன்ல அழுது, வாய்விட்டுக் கேட்டுட்டான். பதில் சொல்ல வேண்டியது நான். நீ என்ன கேட்ட? மைல் சொன்ன. நிமிஷம் சொன்ன. என் பெட்டியை எடை போட்டுப் பார்த்து ஒரு கிலோ கூடுதுன்னு என் செருப்பை வெளிய எடுத்து வச்ச.” அம்மாவின் குரல் கரகரத்தது. “அஞ்சு மாசம்டி. ஒவ்வொரு நாளும் தேநீர் போடுறப்போ, இன்னிக்குக் கேப்பா, இன்னிக்குக் கேப்பான்னு நின்னிருக்கேன்.”

“கேட்டா நீ இருந்துடுவ. அதான் பயம்.”

“இருக்கிறேனா, போறேனா, அது என் பாடு. அவனுக்கு நான் என்ன சொல்றதுங்கறதும் என் பாடு. அதையெல்லாம் நீயே எனக்காக முடிவு பண்ணிட்டு, வாயைத் தைச்சுக்கிட்டா எப்படி?”

வாளியில் தண்ணீர் ஆறிவிட்டது. அம்மா காலை எடுக்கவில்லை. காத்திருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் கதவைத் திறந்துவிட்டு நின்ற அதே முகம்தான், ஆனால் இந்த முறை கேள்வி கேட்ட முகம்.

அவள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியை விட்டு இறங்கி, தரையில், வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் ஈரமான பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாற்பத்து நான்கு வயதில் தன் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

“போகாதம்மா,” என்றாள். “என்கூடவே இரு.”